டிரான்சிட் பயணிக்குப் பெண்ணாடம் வழங்கும் கையேடு

விமானம் மாறுகிற ஊரில் ஒரு ராத்திரி முழுக்கக் காத்துக் கிடக்க நேர்ந்தால் முகம் சுளிக்கக் கூடாதாம்; அது அதிர்ஷ்டமாம். பயணக் கட்டுரை எழுதுகிற புண்ணியவான்கள் சொல்கிறார்கள். பெட்டியை லாக்கரில் போட்டுவிட்டு மெட்ரோ ஏறு. பழைய நகரத்துத் தெருக்களில் காலாற நட. இரவுச் சந்தையில் உள்ளூர்ச் சாப்பாட்டை ஒரு கை பார். திரும்பி வந்து வெந்நீரில் குளி, லவுஞ்சில் காலை நீட்டு, விடிந்ததும் அடுத்த விமானம். ஒரே டிக்கெட்டில் இரண்டு தேசம் பார்த்த கணக்கு.

இந்த ஞானம் இன்னும் வந்து சேராத ஊர் பெண்ணாடம். கடலூர் மாவட்டத்தில், விருத்தாசலத்துக்கும் அரியலூருக்கும் இடையே ரயில் போகும் பாதையில் இருக்கிறது. விமான நிலையத் தரையில் ராத்தங்குவதில் எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு உள்ள அனுபவம் எந்தப் பயண எழுத்தாளருக்கும் இருக்க வாய்ப்பில்லை. வளைகுடாவில் கம்பி கட்டவும், சிங்கப்பூரில் சாரம் ஏறவும், மஸ்கட்டில் வண்டி ஓட்டவும் பெண்ணாடம், திட்டக்குடி வட்டாரத்திலிருந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள். ஏன் போகிறார்கள் என்று கேட்பவர்கள் இறையூர்ப் பக்கம் போய்க் கரும்பு விவசாயிகளைக் கேட்கலாம். அங்கிருந்த தனியார் சர்க்கரை ஆலைக்குக் கரும்பை வெட்டிக் கொடுத்துவிட்டு, பணத்துக்காக அவர்கள் போராடிய கதை ஊருக்கே தெரியும். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் சொல்லித் தர அரசு நிறுவனம் இருக்கிறது, செராமிக் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் படித்தவன் குஜராத்தின் மோர்பிக்குப் போனாலும் போவான், துபாயில் டைல்ஸ் ஒட்டப் போனாலும் போவான். இங்கே அவனுக்கு ஆடி மாதக் காற்றுதான் இலவசம்.

ஆகவே இவர்களுக்கென ஒரு கையேடு எழுதியே தீர வேண்டியிருக்கிறது.

முதல் பாடம்: டிரான்சிட் ஊரைப் பயணி தேர்ந்தெடுப்பதில்லை. ஏஜென்ட் தேர்ந்தெடுக்கிறார். பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"நேர் பிளைட்டு ரேட்டு எக்கச்சக்கம் தம்பி. இது நடுவுல கொஞ்சம் உக்கார்ற மாதிரி இருக்கும்."

"எவ்ளோ நேரம்ணே?"

"அது என்ன, ஏறி எறங்குற நேரம்தான்."

ஏறி இறங்குகிற நேரம் பதினான்கு மணி நேரம் என்பது போர்டிங் பாஸ் கையில் வந்த பிறகுதான் தெரியும். வளைகுடா வடமேற்கே இருக்கிறது. திருச்சியில் ஏறியவன் தெற்கே கொழும்பில் போய் இறங்குவான். அங்கே கட்டுநாயக்கா விமான நிலையத்தில் ராப்பொழுதைக் கழித்துவிட்டு, வந்த வழியே இந்தியாவை மேலிருந்து இன்னொரு முறை தரிசித்தபடி மேற்கே போவான். சுற்றிப் போவது விமானத்துக்கு வலிக்காது. குறைந்த விலை டிக்கெட்டுக்கும் அவனிடம் வாங்கிய பணத்துக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் ஏஜென்ட் வீட்டு மாடி எழும்புகிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் பதிவு பெற்ற முகவர் 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் மட்டுமே சேவைக் கட்டணமாக வாங்கலாம் என்று அரசு விதி வைத்திருக்கிறது. அந்த விதியை எங்கள் பக்கத்தில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். அம்மாவின் தோடு எந்த அடகுக் கடையில் இருக்கிறது என்று சொல்லிவிட்டுச் சிரிப்பார்கள்.

பத்தாம் வகுப்பு தேறாதவன் என்றால் அவனுடைய பாஸ்போர்ட்டில் ஈசிஆர், அதாவது குடிபெயர்வுச் சோதனை தேவை, என்று அச்சடித்துவிடுவார்கள். 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அவன் தனியாக அனுமதி வாங்க வேண்டும். அவனைப் பாதுகாக்கத்தான் என்கிறார்கள். இரண்டு வருடத்துக்கு 275 ரூபாய் கட்டினால் 10 லட்சத்துக்குக் காப்பீடும் உண்டு. 2018 ஜனவரியில் இந்தப் பாசம் பொங்கி வழிந்து, ஈசிஆர்காரர்களுக்கு மட்டும் ஆரஞ்சு நிற பாஸ்போர்ட் தரப் போவதாக வெளியுறவு அமைச்சகம் அறிவித்தது. படிக்காதவனைத் தூரத்திலிருந்தே கண்டுபிடித்துவிடலாம், பாருங்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அதே மாதக் கடைசியில் பின்வாங்கினார்கள். நிறம்தான் போயிற்று. கவுன்டரில் உட்கார்ந்திருப்பவருடைய கண்ணில் அந்த ஆரஞ்சு இன்னும் இருக்கிறது.

சரி, வந்தது வந்துவிட்டோம், வெளியே போய் ஊர் பார்ப்போமே என்று ஒருவனுக்குத் தோன்றுகிறது. பயண எழுத்தாளர்கள் அதிகம் கொண்டாடுகிற சாங்கியையே எடுத்துக்கொள்வோம். ஐந்தரை மணி நேரத்துக்கு மேல் காத்திருக்கும் பயணிகளுக்கு இலவசமாகச் சிங்கப்பூர் சுற்றிக் காட்டுகிறார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் விசா தேவைப்படும் நாட்டுக்காரன் என்றால் விசா கையில் இருக்க வேண்டும். இந்தியனுக்குத் தேவைப்படும். இதற்கும் ஒரு சலுகை வைத்திருக்கிறார்கள்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா, ஜப்பான் மாதிரியான நாடுகளின் விசா வைத்திருக்கிற இந்தியன் 96 மணி நேரம் வரை விசா இல்லாமலே உள்ளே வரலாம். அதாவது இந்தியன் யோக்கியன் என்பதற்கு இந்திய அரசு கொடுத்த புத்தகம் போதாது. அமெரிக்கத் தூதரகம் ஒட்டிய ஒரு தாள் சிபாரிசு செய்ய வேண்டும். நியூ ஜெர்சியில் மகன் வீட்டுக்குப் போகிற ஓய்வு பெற்ற அதிகாரி சாங்கியில் இறங்கி மெர்லயன் முன்னால் செல்ஃபி எடுக்கலாம். அதே ஊரில் வெயிலில் கான்கிரீட் கொட்டிவிட்டு, ஒப்பந்தம் முடிந்து திரும்பியவனுக்குப் பிறகொரு முறை அதே விமான நிலையத்தில் டிரான்சிட் வாய்த்தால் உள்ளேயே உட்கார வேண்டியதுதான். 40 மீட்டர் உயரத்திலிருந்து தண்ணீர் கொட்டுகிறதே, ஜுவல், 2019இல் திறந்தார்கள், அந்த அருவி குடிநுழைவுச் சோதனைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. முனையங்களுக்கு நடுவே ஓடும் குட்டி ரயிலில் ஏறினால் கண்ணாடி வழியாக ஒரு நொடி பார்க்கலாம். கட்டணம் இல்லை.

2025 மே மாதத்தில் அங்கே ஐந்தாம் முனையத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். வேலைக்கு ஆள் வேண்டியிருக்கும். அதற்கு விசா தாராளமாகக் கிடைக்கும். கையில் சட்டியோடு வருபவனுக்குக் கதவு திறக்கும், கையை வீசிக்கொண்டு ஊர் பார்க்க வருபவனுக்குத் திறக்காது.

மேற்கே போகப் போக நிலைமை இன்னும் அழகு. அமெரிக்காவில் விமானம் மாறுவதற்கென்றே தனி விசா வேண்டும். விசா இல்லாமல் மாறிக்கொள்ள முன்பு இருந்த வழியை 2003 ஆகஸ்டில் மூடினார்கள். பிரிட்டன் இன்னும் நுட்பம். லண்டனில் வெளிக்கதவுப் பக்கம் தலைகூடக் காட்டாமல், ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்துவிட்டு அடுத்த விமானத்தில் போய்விடுகிறேன் என்று சொல்பவனுக்கும் ஒரு விசா வைத்திருக்கிறார்கள். யார் யாருக்கு அது வேண்டும் என்ற பட்டியலில் இந்தியா இருக்கிறது. நாற்காலியில் உட்காருவதற்கு அனுமதிச் சீட்டு! கடலூர் மாவட்டத்துக்காரனுக்கு இதொன்றும் புதிதில்லை. இந்தத் தெரு வழியாகப் போகாதே, போனால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள், திண்ணையில் உட்காராதே என்பதை அவன் பிறந்த ஊரிலேயே கேட்டிருக்கிறான். தூதரக வாசலில் தான் அவமானப்பட்டதாகப் பொங்கி எழுதுகிற நம்முடைய மேல்தட்டு ஆட்களில் எத்தனை பேர் ஊரில் தனிக் குவளை வைத்திருந்த வீட்டிலிருந்து வந்தவர்கள் என்பதைத் தனியாக ஒரு நாள் பேச வேண்டும்.

முத்திரை குத்துவதைப் பற்றிப் பெண்ணாடத்துக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. ஏழாம் நூற்றாண்டில் அப்பர் எங்கள் ஊருக்கு வந்தார். தூங்கானை மாடம் எனப்படும் எங்கள் ஊர்க் கோயிலில் ஈசன் முன்னால் நின்று, சமணத்தில் இருந்த இந்த உடம்போடு வாழ மாட்டேன், உன் குறியை என்மேல் பொறி என்று கேட்டார். பூதம் ஒன்று வந்து தோளில் சூலமும் இடபமும் பொறித்துவிட்டுப் போனது. இது சேக்கிழார் சொல்லும் கதை. ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கேட்கவில்லை. முந்தைய மதத்தில் எத்தனை வருடம் இருந்தாய், ஏன் வெளியேறினாய் என்று இரண்டு பக்கப் படிவம் தரவில்லை. கைரேகைக்குச் சென்னை வரச் சொல்லவில்லை. விண்ணப்பித்த இடத்திலேயே முத்திரை. அதற்குப் பிறகு எங்கள் ஊர்க்காரன் கேட்ட இடத்தில் கேட்டபடி முத்திரை வாங்கியதாகத் தகவல் இல்லை.

வெளியே போக முடியாதவன் உள்ளே என்ன செய்யலாம்? தோஹாவில் என்றால் கரடி பார்க்கலாம். ஊர்ஸ் பிஷர் என்கிற சுவிஸ் கலைஞர் செய்த 7 மீட்டர் மஞ்சள் கரடிப் பொம்மை, தலையில் ஒரு மேசை விளக்கோடு, ஹமாத் விமான நிலையத்தின் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கிறது. 2011இல் நியூயார்க் ஏலத்தில் 68 லட்சம் டாலருக்குப் போனது. கரடிக்கு ஒரு குறையும் இல்லை. கால் நீட்டி உட்கார இடம் கொடுத்திருக்கிறார்கள். மனிதர்கள் படுத்துவிடக் கூடாது என்பதற்காக நாற்காலிகளுக்கு நடுவே கைப்பிடி வைக்கும் கலை உலக விமான நிலையங்கள் எல்லாவற்றுக்கும் தெரியும். ஆகவே தரை. தலைக்குக் கைப்பை, போர்வைக்கு லுங்கி, காலணிக்குக் காவல் ஒரு கண். நடு ராத்திரியில் குளிர்சாதனம் எலும்பில் இறங்கும். ஒரு டீ குடிக்கலாம் என்று கடைப் பக்கம் போனவன் விலைப் பலகையைப் பார்ப்பான். ரியாலை ரூபாயாக மாற்றிக் கணக்குப் போடுவான். திரும்பி வந்து படுத்துக்கொள்வான். நம் ஊர் விமான நிலையங்களும் சளைத்தவை அல்ல: பத்து ரூபாய்க்கு டீ கிடைக்கச் செய்வதற்கு மத்திய அரசு ஒரு திட்டம் போட்டு, பெயர் வைத்து, 2025 பிப்ரவரியில் சென்னை விமான நிலையத்தில் அமைச்சர் வந்து திறந்து வைக்க வேண்டியிருந்தது. பெண்ணாடம் ரயிலடியில் டீக்கடைக்காரர் அமைச்சர் இல்லாமலே திறக்கிறார்.

இதெல்லாம் டிக்கெட்டில் போட்ட காத்திருப்பு. எதிர்பாராமல் வருகிற காத்திருப்பில்தான் உலகத்தின் பல் முழுசாகத் தெரியும். 2024 டிசம்பர் 1ஆம் தேதி, பஹ்ரைனிலிருந்து மான்செஸ்டர் போன கல்ஃப் ஏர் விமானம் எஞ்சின் கோளாறால் குவைத்தில் இறங்கியது. மும்பையில் ஏறி வந்த இந்தியர்களும் அதில் இருந்தார்கள். பிரிட்டன், ஐரோப்பா, அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருந்தவர்களுக்கு ஓட்டல் கிடைத்தது, எங்களைத் தரையில் விட்டுவிட்டார்கள், போர்வைக்கும் தண்ணீருக்கும் கெஞ்ச வேண்டியிருந்தது என்று அந்த இந்தியப் பயணிகள் உலகறியச் சொன்னார்கள். இந்தியர்களுக்கு அங்கே வந்திறங்கியதும் விசா தருகிற வழக்கம் கிடையாது, போதாததற்கு வளைகுடா நாடுகளின் உச்சி மாநாடு நடந்ததால் ஓட்டல்களில் இடமில்லை என்று விளக்கம் வந்தது. மாநாட்டில் தலைவர்கள் கூடிக் கூட்டுறவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தியத் தூதரக ஆட்கள் போய் லவுஞ்சில் உட்கார ஏற்பாடு செய்தார்கள். விமானம் மறுநாள் விடியற்காலையில்தான் கிளம்பியது.

ஒரே விமானம், ஒரே எஞ்சின் கோளாறு. மெத்தையா தரையா என்பதை பாஸ்போர்ட் அட்டையின் நிறம் முடிவு செய்தது.

எங்கள் ஊர் நாயனார் ஒருவர் உண்டு, கலிக்கம்பர். வீட்டுக்கு வரும் சிவனடியாரின் கால் கழுவி அமுது படைப்பவர். ஒரு நாள் வந்த அடியார், முன்பு அந்த வீட்டிலேயே வேலை செய்துவிட்டுப் போனவர். நாயனாரின் மனைவி அடையாளம் கண்டுகொண்டு, வேலைக்காரனுக்கா தண்ணீர் வார்ப்பது என்று ஒரு கணம் தயங்கினார். நாயனார் மனைவியின் கையை வெட்டிவிட்டு, தானே தண்ணீர் வார்த்தார். கை வெட்டியதைக் கொண்டாட எனக்கு மனமில்லை. பக்தி என்ற பெயரில் பெண்ணுடைய கையை எடுத்துக்கொள்ள இந்த நாட்டில் ஆள் எப்போதும் ரெடி. ஆனால் அந்தத் தயக்கம் இருக்கிறதே, அதை நான் ஒவ்வொரு விமான நிலையத்திலும் பார்க்கிறேன். பயணியாக, டிக்கெட் வாங்கியவனாக, விருந்தாளியாக வந்து நிற்கிறவனைப் பார்த்ததும், "இவன் நம்மிடம் வேலை பார்த்தவன் அல்லவா?" என்று செம்பு பாதி வழியில் நின்றுவிடுகிறது.

அடுத்தவன் மட்டும்தான் இப்படி என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்ளலாம் என்றால், 2020 மார்ச் 17 நினைவுக்கு வருகிறது. பிலிப்பைன்ஸில் மருத்துவம் படித்துக்கொண்டிருந்த நம் பிள்ளைகள் கொரோனாவுக்குப் பயந்து வீடு திரும்பும் வழியில், கோலாலம்பூரில் விமானம் மாறக் காத்திருந்தார்கள். அவர்கள் காத்திருந்தபோதே பிலிப்பைன்ஸ், மலேசியாவிலிருந்து வரும் விமானங்களுக்கு இந்தியா தடை போட்டது. பின்னால் போக முடியாது, முன்னால் போக முடியாது. சொந்த நாடே கதவைச் சாத்திவிட்டுப் போனில் பேசியது. கூச்சல் எழுந்த பிறகு டெல்லிக்கும் விசாகப்பட்டினத்துக்கும் விமானம் விட அனுமதி வந்தது.

நடுவில் எங்கும் நிறுத்தாமல் அரசு அனுப்பி வைக்கும் விமானமும் உண்டு. 2024 ஜூன் 12ஆம் தேதி குவைத்தின் மங்காஃபில் தொழிலாளர்கள் அடைத்து வைக்கப்பட்டிருந்த கட்டிடத்தில் தீப்பிடித்தது. இறந்தவர்களில் 40க்கும் மேற்பட்டவர்கள் இந்தியர்கள், அதில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். இரண்டு நாளில் அவர்களைச் சுமந்துகொண்டு விமானப் படை விமானம் குவைத்திலிருந்து நேரே கொச்சியில் வந்து இறங்கியது. டிரான்சிட் இல்லை. வரிசை இல்லை. அமைச்சர்கள் வந்து வரவேற்றார்கள். உயிரோடிருந்தபோது இந்த மரியாதையில் காலே அரைக்கால் கொடுத்திருந்தால் அந்தக் கட்டிடத்தில் அத்தனை பேரை ஒரு கட்டில் மேல் ஒரு கட்டில் போட்டு அடைத்திருக்க முடியாது.

உயிரோடு திரும்புகிறவன் சென்னையில் இறங்குகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலிவு டிக்கெட் என்பதால் நேரம் நள்ளிரவு தாண்டியிருக்கும். இங்கேதான் பயணத்தின் மிக நீண்ட டிரான்சிட் ஆரம்பிக்கிறது. முன்பு கோயம்பேடு பேருந்து நிலையம் இருந்தது. 2023 டிசம்பர் 30ஆம் தேதி கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கரில் புதிய முனையம் திறந்தார்கள். பளிங்குத் தரை, பெரிய கூரை, எல்லாம் விமான நிலையம் மாதிரியே. மாதிரி என்ன, அதேதான்: விமான நிலையத்தில் இருக்கிற காத்திருப்பையும் சேர்த்தே கட்டிவிட்டார்கள். ரயில் நிலையம் இல்லாமல் பேருந்து நிலையத்தைத் திறக்கிற துணிச்சல் வேறு யாருக்கு வரும்! அடுத்த பிப்ரவரியிலேயே நடு ராத்திரியில் திருச்சிப் பக்கம் போக பஸ் இல்லை என்று பயணிகள் குழந்தை குட்டிகளோடு சாலையில் உட்கார்ந்தார்கள். குவைத் தரையாவது ஏசி.

கிடைத்த பஸ்ஸில் ஏறினால் பெண்ணாடம் வராது. திருச்சி பஸ் கண்டக்டர் வேப்பூர் கூட்டுரோட்டிலோ தொழுதூரிலோ, "சீக்கிரம் எறங்குப்பா" என்று அட்டைப் பெட்டியோடு இறக்கிவிட்டுப் போய்விடுவார். மணி நாலு. ரயிலில் வரலாமே என்பீர்கள். தேஜஸும் வந்தே பாரத்தும் எங்கள் ஊர் வழியாகத்தான் போகின்றன. நின்றால்தானே? பிளாட்பாரத்தில் நிற்கிறவன் மூஞ்சியில் தூசி அடித்துவிட்டு அவை போகிற வேகத்தைப் பார்த்து நாட்டின் வளர்ச்சி இன்னதென்று எங்கள் ஊர் தெரிந்துகொள்கிறது. மற்ற வண்டியில் வந்தவன் விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி, கொசுவோடு விடியலுக்குக் காத்திருந்து, முதல் டவுன் பஸ் பிடிப்பான். மஸ்கட்டிலிருந்து சென்னைக்கு நாலு மணி நேரத்துக்குள் வந்துவிட்டவன், சென்னையிலிருந்து வீட்டுக்கு எத்தனை மணி நேரத்தில் வந்தான் என்று அவனையே கேளுங்கள். அந்த நேரத்தில் அவன் பேசும் தமிழை அச்சில் போட முடியாது.

எல்லோரும் ஆளுக்கொரு டிரான்சிட் விதி வைத்திருக்கும்போது பெண்ணாடம் மட்டும் திறந்த வீடாக இருப்பது அழகில்லை. ஆகவே இன்று முதல் எங்களுக்கும் விதி உண்டு. பயண எழுத்தாளர்கள், விமானக் கம்பெனி மேலாளர்கள், குடியேற்ற அதிகாரிகள், கிளாம்பாக்கத்துக்கு வரைபடம் போட்டவர்கள், ஆரஞ்சு அட்டைக்கு யோசனை சொன்னவர்கள் எல்லோரும் விண்ணப்பிக்கலாம். அனுமதி ஓர் இரவுக்கு மட்டும். ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் வேண்டும். அதில் ஒரு மாதமாவது மீதி 400 ரூபாய்க்குக் கீழே இருந்திருக்க வேண்டும். திரும்பிப் போகும் டிக்கெட்டைக் காட்ட வேண்டும், அதற்கு வாங்கிய கடன் பத்திரத்தோடு. இறங்கும் இடம் வேப்பூர் கூட்டுரோடு, நேரம் அதிகாலை இரண்டரை, கையில் இருபத்தைந்து கிலோ அட்டைப் பெட்டி, சுற்றிலும் நைலான் கயிறு. அமெரிக்க விசா வைத்திருப்பவர்களுக்குத் தனிச் சலுகை உண்டு: அவர்கள் தொழுதூரில் இறங்கிக்கொள்ளலாம்.

விடிந்த பிறகு அதே தூங்கானை மாடமான பிரளயகாலேஸ்வரர் கோயிலைச் சுற்றிக் காட்டுவோம். பிரளய வெள்ளத்தைத் தடுக்க நந்தி வாசல் பக்கம் திரும்பி உட்கார்ந்ததாகச் சொல்லும் தலம், பார்க்க வேண்டியதுதான். கட்டணம் இல்லை. ஆனால் உள்ளே போகுமுன் ரயிலடி டீக்கடையில் ஒரு மணி நேரம் நிற்க வைத்து, எதற்கு வந்தாய், எப்போது போவாய், இங்கேயே தங்கிவிட மாட்டாய் என்பதற்கு என்ன உத்தரவாதம் என்று மூன்று முறை கேட்போம். மூன்று முறையும் ஒரே பதில் வந்தால் டீ உண்டு. முகத்தில் எரிச்சல் தெரிந்தால் விண்ணப்பம் தள்ளுபடி, காரணம் தெரிவிக்கப்பட மாட்டாது, கட்டிய பணம் திரும்பத் தரப்பட மாட்டாது.